திண்ணை முதல் நூலகம் வரை

நுழையும்முன்

விளையாட்டு குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்று கருதுவோர் உளர். பாட்டியும் பெயர்த்தியும் ஒரு பலகையின் இருபுறமும் அமர்ந்து ஆடிய வீடுகள் தமிழகத்தில் பல இருந்தன. அவ்வாட்டங்களின் விதிகள் ஏட்டில் எழுதப்படவில்லை. ஆடியவர்களின் நினைவிலேயே வாழ்ந்தன. அந்நினைவு மங்கிவரும் காலத்தில் வீடு செய்ய வேண்டுவன யாவை, நூலகம் செய்ய வேண்டுவன யாவை என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மரபில் விளையாட்டு

விளையாட்டைத் தமிழர் வாழ்வின் ஓரத்தில் வைக்கவில்லை. தொல்காப்பிய உரியியல், கெடவரல், பண்ணை ஆகிய இரு சொற்களும் விளையாட்டு என்னும் பொருளைத் தரும் என்கிறது. மெய்ப்பாட்டியல், உவகை தோன்றுவதற்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டையும் வைத்து எண்ணுகிறது. செல்வத்தோடும் அறிவோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பெருமை விளையாட்டுக்கு இருந்தது என்பது இதனால் விளங்கும். கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடையும் சுடுமண்ணாலான ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. அங்கு வாழ்ந்தோர் உழைப்பின் இடையே ஓய்ந்தமர்ந்து ஆடியும் மகிழ்ந்தனர் என்பதற்கு அவை சான்றுகளாகும்.

வெளியில் ஓடியாடும் விளையாட்டுகளுக்கு வயதும் உடல்வலிமையும் தேவை. வீட்டினுள் அமர்ந்து ஆடும் ஆட்டங்களுக்கு அவை தேவையில்லை. ஆகவே, மூன்று தலைமுறையினர் ஒரே களத்தில் எதிரெதிரே அமர்வது அங்கே இயல்பாயிற்று. அத்தகைய ஆட்டங்களுள் பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை.

பல்லாங்குழி

பக்கத்திற்கு 7 ஆக 14 குழிகள் கொண்ட பலகையில் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவது பல்லாங்குழி. புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி முதலியன காய்களாகும். பெரும்பாலும் பெண்கள் ஆடிவந்த இவ்வாட்டத்திற்குரிய பலகை, திருமணச் சீர்ப்பொருள்களுள் ஒன்றாகவும் வழங்கப்பட்டது.

குழிக்கு 5 காய்கள் இட்டு ஆடும் முறையில் மொத்தம் 70 காய்கள் களத்தில் இருக்கும். ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்களை எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இடுவார். கையிலுள்ள காய்கள் தீர்ந்ததும், அதற்கு அடுத்த குழியிலுள்ள காய்களை எடுத்துத் தொடர்வார். அடுத்த குழி வெறுமையாயிருப்பின், அதனைத் துடைத்து, அதற்கும் அடுத்த குழியிலுள்ள காய்களைத் தமதாக்கிக்கொள்வார். ஒரு குழியில் 4 காய்கள் சேர்ந்தால் அதற்குப் ‘பசு’ என்று பெயர். அக்குழிக்கு உரியவர் அவற்றை எடுத்துக்கொள்வார்.

ஓர் ஆட்டத்தின் முடிவில் ஒருவர் 42 காய்களும் மற்றவர் 28 காய்களும் பெற்றனர் எனக் கொள்வோம். அடுத்த ஆட்டத்தில் 28 காய்கள் பெற்றவரால் 5 குழிகளை மட்டுமே நிரப்ப முடியும்; 3 காய்கள் எஞ்சும். நிரப்பப்படாத 2 குழிகள் அவ்வாட்டத்தில் விலக்கப்படும். வகுத்தல், மீதி காணல், வரப்போவதை முன்கூட்டிக் கணித்தல் ஆகிய அனைத்தையும் சிறுமி ஒருத்தி கரும்பலகையின்றியே இங்குக் கற்கிறாள். பார்வைத்திறன் குறைந்தோரும் விரல்நுனியால் எண்ணி ஆட ஏற்றது இவ்வாட்டம்.

சமமாகத் தொடங்கும் இருவர் ஆட்டப்போக்கில் உடையவராகவும் இல்லாதவராகவும் பிரிவதைச் சுட்டி, தனியுடைமையின் தோற்றத்தோடு பல்லாங்குழியை இணைத்து ஆராய்ந்தார் தொ. பரமசிவன். இழந்தவரைக் கைவிடாத வழக்கமும் இவ்வாட்டத்தில் உண்டு. ஒரு குழியை நிரப்புதற்கும் போதிய காய்கள் இல்லாதவர், குழிக்கு ஒரு காயாக இட்டுத் தொடர்ந்து ஆடச் சில ஊர்களில் இடமளிப்பர். அதனைக் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்பர். வறுமையுற்றவர் கஞ்சி காய்ச்சியேனும் வாழ்வை நடத்துவது போல, தோல்வியின் விளிம்பில் நிற்பவரும் ஆட்டத்தைத் தொடரலாம் என்னும் பரிவை அச்சொல் காட்டுகிறது.

ஆடுபுலி ஆட்டம்

முக்கோணத்தைக் கோடுகள் குறுக்கே வெட்டிச்செல்லும் களத்தில் 23 புள்ளிகள் உள்ளன. ஒருவரிடம் 3 புலிகளும் மற்றவரிடம் 15 ஆடுகளும் இருக்கும். புலி, தனக்கு அடுத்த புள்ளியில் நிற்கும் ஆட்டைத் தாண்டி, நேர்க்கோட்டில் அப்பாலுள்ள வெற்றிடத்தில் அமர்ந்தால் அவ்வாடு வெட்டுப்படும். ஆடு தாவாது, வெட்டாது. புலிகள் நகர வழியின்றி அவற்றைச் சூழ்ந்து அடைப்பதே ஆடுகளுக்கு வெற்றி.

இரு தரப்பின் படைகளும் நிகரற்றவை. ஆயினும் ஆட்டம் நிகராகவே நடைபெறும். 15 ஆடுகளும் இழப்பின்றிக் களத்தில் இறங்கிவிட்டால், 23 புள்ளிகளுள் 18 நிரம்பி, 5 மட்டுமே வெற்றிடமாக எஞ்சும். அப்போது தாவுதற்கு இடமின்றிப் புலி தடுமாறும். தனித்து நிற்கும் ஆடு வெட்டுப்படும். பின்புறம் துணை நிற்க முன்னேறும் ஆடு தப்பும். ஒற்றுமையின் வலிமையைப் பற்றிய அறிவுரை ஏதும் கூறாமலே, ஒவ்வொரு நகர்விலும் அதனை உணரச்செய்யும் ஆட்டம் இது. கோயில் மண்டபங்களின் கல்தளங்களில் இக்களம் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

தாயம்

நான்கு பக்கங்கள் கொண்ட நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டை உருட்டி ஆடுவது தாயம். பக்கங்களில் முறையே 1, 2, 3 எனப் புள்ளிகள் இருக்கும். ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். கூட்டுத்தொகை 1 ஆயின் அது தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 எனக் கொள்வர். தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்க முடியாது. தாயம் என்னும் சொல்லுக்கு உரிமை என்னும் பொருளும் உண்டு. களம்புகும் உரிமையைத் தருவதும் தாயமே என்பது நினைத்து மகிழத்தக்கது.

கட்டைகள் சீரானவையாயின், விழக்கூடிய முறைகள் மொத்தம் 16. அவற்றுள் 1 இருமுறையும், 2 மும்முறையும், 3 நான்கு முறையும், 4 மும்முறையும், 5 இருமுறையும், 6 ஒருமுறையும், 12 ஒருமுறையும் அமையும். எனவே, மிகுதியாக விழும் எண் 3. மீண்டும் உருட்டும் வாய்ப்பைத் தரும் 1, 5, 6, 12 ஆகிய நான்கும் சேர்ந்து 16இல் 6 முறை விழ வாய்ப்புண்டு. மேல்நிலை வகுப்பில் நிகழ்தகவு என்று பயிலப்படும் கணிதத்தைத் தாயக்கட்டையுடன் பழகிய பாட்டி அனுபவத்தால் அறிந்திருந்தார். விழும் எண் ஆடுபவரின் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது என்பது அவர் கையில் உண்டு. வாய்ப்பும் தேர்வும் கலந்த வாழ்க்கைக்கு இது நல்ல பயிற்சியாகும்.

களத்தில் யாவரும் நிகர்

குடும்பத்தில் மூத்தோர் சொல்வதை இளையோர் கேட்பது வழக்கம். ஆட்டக்களத்தில் அவ்வழக்கம் சிறிது நேரம் ஓய்வு கொள்கிறது. தாத்தாவுக்கும் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். பெயரன் எண்ணியது சரியாயின், தந்தை தம் நகர்வைத் திருத்திக்கொள்ள வேண்டும். வயதுக்கும் வருவாய்க்கும் கட்டுப்படாத விதி ஒன்று யாவருக்கும் பொதுவாக நிற்பதைக் குழந்தை முதன்முதலில் காணும் இடங்களுள் ஆட்டக்களமும் ஒன்று.

தோற்றலும் அங்கேதான் பழகுகிறது. தோற்றபின் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழும் சிறுவனை வீட்டார் கண்டிப்பர். பின்னர் மீண்டும் ஆட அழைப்பர். மறுமுறை அழைக்க ஆளிருக்கும் இடத்தில் பெறும் தோல்வி, அச்சம் தராமல் பக்குவத்தைத் தருகிறது.

இன்று இவ்வாட்டங்கள் கைப்பேசிச் செயலிகளாகவும் கிடைக்கின்றன. தொலைவில் வாழும் உறவினரோடு ஆட அவை உதவுகின்றன. ஆயினும், செயலி தவறான நகர்வை ஏற்பதில்லை. ஆதலால், நேர்மையைக் காக்க வேண்டிய பொறுப்பு ஆடுபவரிடம் இருப்பதில்லை. பலகையில் விதியைக் காப்பவர் ஆடுபவரே. எதிரிலிருப்பவர் கவனிக்காதபோதும் ஒரு காயைக் கூடுதலாக எடுக்காத கை அங்கேதான் உருவாகிறது.

ஒரு தாயும் மகனும்

வீட்டு ஆட்டமும் நூல்களும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கும் என்பதற்குச் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் இளமைக்காலம் சான்றாகும். 1969ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆறு வயதில் தம் தாய் சுசீலாவிடம் சதுரங்கம் கற்றார். 1970களின் பிற்பகுதியில், தந்தையின் பணியின் பொருட்டுக் குடும்பம் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரில் வாழ்ந்தது. அங்குத் தொலைக்காட்சியில் பகல்நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பானது. மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில், தாய் அந்நிகழ்ச்சியின் ஆட்டங்களையும் புதிர்களையும் குறித்துவைப்பார். மாலையில் இருவரும் அமர்ந்து விடை காண்பர். விடையை எழுதி அனுப்புவர். சரியான விடைக்கு நூல் பரிசாக வழங்கப்பட்டது. ஆனந்த் தொடர்ந்து பரிசு பெறவே, நிகழ்ச்சியினர் அவரைத் தம் நூலகத்திற்கு அழைத்துச் சென்று, வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்பாதிருக்குமாறு கூறினர் என்பதை ஆனந்த் நேர்காணல்களில் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்துள்ளார். 1988ஆம் ஆண்டு அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பின்னர் உலக வாகையரும் ஆனார்.

தாயின் குறிப்பேடும் நூலகத்தின் அலமாரியும் அம்மாணவருக்கு ஒருங்கே வாய்த்தன. நூலகத்தில் அவர் எடுத்துச்செல்வதற்கு நூல்கள் இருந்தமைக்குக் காரணம், சதுரங்க ஆட்டங்கள் நகர்வு நகர்வாகப் பல நூற்றாண்டுகளாக எழுதி வைக்கப்பட்டமையே. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பொது நூலகத்தில், ஜான் ஜி. வைட் என்னும் வழக்கறிஞர் 1928இல் மறைந்தபோது விட்டுச்சென்ற சதுரங்க நூல் தொகுப்பு உள்ளது. உலகின் மிகப்பெரிய சதுரங்கத் தொகுப்பாக அது கருதப்படுகிறது. பல்லாங்குழியில் வல்லவளாக விரும்பும் சிறுமிக்கு அத்தகைய அலமாரி எங்கும் இல்லை. அவளுக்குரிய நூல் பாட்டி ஒருவரே.

நூலகமும் விளையாட்டும்

நூலகத்தில் விளையாட்டுக்கு இடமுண்டா என்னும் வினா எழலாம். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன், 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இறுதி விதியில், நூலகத்தை வளரும் உயிராகக் கண்டார். வளரும் உயிர் காலத்திற்கேற்பப் புதிய உறுப்புகளைப் பெறும்.

பிற நாடுகளில் அவ்வளர்ச்சி முன்னரே நிகழ்ந்துள்ளது. பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய 1935ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், நூல்களை இரவல் தருவது போலவே விளையாட்டுப் பொருள்களை இரவல் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. வாங்க இயலாத வீட்டுக் குழந்தைகளுக்கும் விளையாட்டுப் பொருள் கிடைக்க அது வழிசெய்தது. 1963ஆம் ஆண்டு சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் பெற்றோர் ‘லெகோடெக்’ என்னும் விளையாட்டுப்பொருள் நூலகத்தை உருவாக்கினர். 2008ஆம் ஆண்டு அமெரிக்க நூலகச் சங்கம், நூலகங்களில் குடும்பத்தோடு ஆடுவதற்கென ஒரு நாளை அறிவித்தது. பின்னர் அது பன்னாட்டு விளையாட்டு வாரமாக விரிந்தது.

தமிழகத்திலும் 2010இல் திறக்கப்பட்ட சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் திறக்கப்பட்ட மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதிகளைக் கொண்டுள்ளன. சிறுவர் வரும் இடத்திற்குப் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் வருவர். அவர்கள் சேர்ந்தமர ஒரு பாயும் ஒரு பலகையும் இருந்தால், எந்தக் கிளை நூலகத்திலும் குடும்ப விளையாட்டைத் தொடங்கிவிடலாம்.

ஓசை படிப்போர்க்கு இடையூறாகும் என்பர் சிலர். இது நியாயமான கவலையே. ஞாயிறு பிற்பகலில் இரண்டு மணிநேரத்தையும் தனி அறை அல்லது தாழ்வாரத்தையும் ஒதுக்குவதன்மூலம் இதனைத் தீர்க்கலாம். தாயமும் பகடையும் சூதாட்டத்திற்கு இட்டுச்செல்லும் என்று அஞ்சுவோரும் உளர். திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்துக் கடிந்தது, பொருளை வைத்து ஆடிப் பொருளும் பெருமையும் இழக்கும் செயலையே. குடும்ப ஆட்டத்தில் வென்றவர் குவித்த புளியங்கொட்டைகளும் தோற்றவரின் புளியங்கொட்டைகளும் ஆட்ட முடிவில் ஒரே பைக்குள் சேர்கின்றன. எவர் வீட்டுப் பொருளும் குறைவதில்லை.

எழுதப்படாத விதிநூல்

பல்லாங்குழி ஊருக்கு ஊர் வேறுபடும். காய்களின் எண்ணிக்கை, பெயர், விலக்கு, சலுகை என ஒவ்வொன்றிலும் வட்டாரத் தனித்தன்மை உண்டு. தாயக் களத்தின் அமைப்பும் வெட்டும் முறையும் இடத்திற்கேற்ப மாறும். தேவநேயப் பாவாணர் போன்றோர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கினர். அப்பணி தொடரப்பட வேண்டும். கூட்டுக்குடும்பங்கள் சுருங்கி, திண்ணையில்லா வீடுகள் பெருகிவிட்ட நிலையில், விதி அறிந்த முதியவர் ஒருவர் மறையும்போது, அவ்வூருக்கே உரிய ஆட்டமுறை ஒன்றும், அதற்குரிய சொற்களும் மறையக்கூடும். பலகை அருங்காட்சியகத்தில் எஞ்சலாம். ஆடத் தெரிந்தவர் இல்லையேல் அது குழிகள் கொண்ட மரக்கட்டையாகவே இருக்கும்.

இவ்விடத்தில்தான் வீடும் நூலகமும் கைகோக்க வேண்டும். ஆடும் மனிதரை வீடு தர, விதிகளை எழுதிக் காக்கும் இடத்தை நூலகம் தரும். விடுமுறை நாளில் முதியவர் ஒருவர் நூலகத்திற்கு வந்து ஆடிக்காட்டலாம். மாணவர் ஒருவர் களத்தை வரைந்து, விதிகளையும் சொற்களையும் அவர் கூறியவாறே எழுதலாம். ஊர்ப்பெயரும் நாளும் குறிக்கலாம். அக்கையேடு நூலகத்தில் இடம்பெற்றால், தாத்தா பாட்டியர் அருகில் இல்லாத வீட்டுக் குழந்தையும் அதனை எடுத்துச்சென்று தன் பெற்றோருக்கு அவ்வாட்டத்தைக் கற்பிக்கலாம்.

விதிகளை எழுதிவைப்பது மட்டும் போதாது. ஆடினால்தான் அவை உயிர்பெறும். பலகையும் விலையுயர்ந்த காய்களும் இல்லையெனினும் தடையில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்த 23 புள்ளிகளும், 15 சிறு கற்களும், 3 பெரிய கற்களும் கிடைத்தால் ஆடுபுலி ஆட்டத்தைத் தொடங்கலாம். எதிரில் அமர ஒருவர் வேண்டும். அவரை அழைக்கும் முதல் அடியை இளையோரே எடுத்துவைக்கலாம்.

தெரிந்து தெளிவோம்

ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகளைக் களத்தில் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். 15 ஆடுகளும் இறங்கிய பின்னரே அவற்றை நகர்த்தலாம். எனவே, முதல் ஆடுகளை வைக்கும் இடமே ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள அல்லது தெருவிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் அவர் இளமையில் ஆடிய ஆட்டம் ஒன்றன் விதிகளைக் கேட்டு, அவர் வழங்கிய சொற்களிலேயே எழுதுக.
2. ஒரே ஆட்டத்தை இரு வேறு ஊர்களில் ஆடும் முறைகளை ஒப்பிட்டு அட்டவணை உருவாக்குக.
3. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை குடும்ப விளையாட்டு நேரம் ஒதுக்க வேண்டி நூலகருக்கு விண்ணப்பம் வரைக.

குறுவினா

1. ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்னும் ஆட்டவழக்கு யாது?
2. தாயத்தில் மிகுதியாக விழ வாய்ப்புள்ள எண் எது? ஏன்?
3. லாஸ் ஏஞ்சலஸ் விளையாட்டுப்பொருள் இரவல் திட்டத்தின் நோக்கம் யாது?

சிறுவினா

1. ஆடுபுலி ஆட்டத்தில் நிகரற்ற படைகள் நிகராக மோதுவதை விளக்குக.
2. பல்லாங்குழியின் ஓர் ஆட்ட முடிவில் ஒருவர் 47 காய்கள் பெற்றார் எனில், மற்றவர் அடுத்த ஆட்டத்தில் எத்தனை குழிகளை நிரப்புவார், எத்தனை காய்கள் எஞ்சும் என்பதைக் கணக்கிட்டு எழுதுக.

நெடுவினா

வாய்மொழியாக வாழும் ஆட்டமரபைக் காப்பதில் வீட்டிற்கும் நூலகத்திற்கும் உள்ள பங்கினைச் சான்றுகளுடன் கட்டுரைக்க.